ஹபீபுர் ரஹ்மான் அடித்த எர்த் குழாய்

ஹபீபுர் ரஹ்மான் சட்டைப் பையில் பேனா வைத்ததில்லை. காந்தத் துண்டு ஒன்று வைத்திருந்தார். "பித்தளை பாய், சொக்கப் பித்தளை" என்று கடைக்காரன் ஒரு ஸ்விட்ச்சை நீட்டினால் பதில் பேச மாட்டார். காந்தத்தை எடுத்து உள்ளே இருக்கும் திருகில் வைப்பார். ஒட்டிக்கொண்டால் அது முலாம் பூசிய இரும்பு. ஸ்விட்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டு, கடைக்காரன் முகத்தை ஒரு தரம் நிதானமாகப் பார்த்துவிட்டுப் படி இறங்குவார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் அவருக்கு நல்ல சரக்காக உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

கேபிள் வாங்கப் போனாலும் அப்படித்தான். சுருளின் மேல்முனையைப் பார்க்கவே மாட்டார். அது பார்ப்பதற்கென்றே வைத்த முனை. சுருளைப் புரட்டி அடிமுனையை இழுத்து, கத்தியால் தோலைச் சீவி, உள்ளே எத்தனை இழை என்று எண்ணுவார். சீவிய தோலில் தீக்குச்சி வைத்து, புகையை மோந்து பார்ப்பார். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றியிருந்தால் வாடையே காட்டிக் கொடுத்துவிடும்.

"இந்த மனுசன் பால்காரன் ஊத்துற பால்லயும் டெஸ்டர் வெச்சிப் பாப்பாரு" என்று அவர் மனைவி ஜைதூன் பீ அக்கம்பக்கத்தில் சொல்வாள். அவர் சிரிக்க மாட்டார். "பாத்தா தப்பு இன்னா?" என்பார்.

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பதினோரு வயதில் மயிலாப்பூரிலிருந்து வடபழனி வரை நடந்தே போய், ஸ்டூடியோவில் விளக்குத் தாங்கி சுமக்கும் வேலைக்கு நின்றார். இருபது வருஷம் சுமந்தார். பிறகு இரண்டே இரண்டு ஹாலஜன் விளக்கோடு தனியாகத் தொழில் ஆரம்பித்தவர், தொண்ணூற்றாறாம் வருஷத்தில் முப்பத்தாறு விளக்குக்குச் சொந்தக்காரர். யாரும் தூக்கி விடவில்லை. எந்த வாத்தியாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலேஜில் படித்தவன் நாலு வருஷத்தில் தெரிந்துகொள்வதை இவர் கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டார். படித்தது மறந்துபோகலாம், சுட்டது மறக்குமா?

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமம் என்பதால், ஒயரிங்குக்குத் தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். ஜெனரேட்டரிலிருந்து மூன்று ஃபேஸ் வரும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அடையாளத்துக்கு நிறம் வைத்திருப்பார்கள். மேடை விளக்குகளுக்கு மாட்டுகிற கண்ணாடித்தாளும் அதே மூன்று நிறம். பாய் என்ன செய்வார்? சிவப்புத்தாள் மாட்டிய பன்னிரண்டு விளக்கும் சிவப்பு ஃபேஸில். மஞ்சள் பன்னிரண்டும் மஞ்சளில். நீலம் பன்னிரண்டும் நீலத்தில். சீட்டு வேண்டாம், நம்பர் வேண்டாம், எந்த விளக்கு எந்த ஃபேஸ் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டைப் பார்த்து ஸ்டூடியோ ஆட்களே வாயைப் பிளந்தார்கள்.

அவருடைய இன்னொரு ஏற்பாடு எர்த் குழாய். எழுபத்தெட்டில் ஒரு கல்யாணத்தில் நியூட்ரல் ஒயர் கழன்றுபோய், விளக்குகளில் இரண்டு பங்கு கரண்ட் ஏறி, பதினாலு பல்பு பட்பட்டென்று வெடித்தது. மூன்று ஃபேஸில் போகிற கரண்டெல்லாம் திரும்பி வருகிற பொதுவழிதான் நியூட்ரல். அது அறுந்தால் ஊரே கெட்டது. அன்றைக்கே பாய் முடிவு கட்டினார். எங்கே மேடை போட்டாலும் பின்னால் ஐந்தடி இரும்புக் குழாய் ஒன்றை மண்ணில் அடிப்பார். மேடை இரும்புச் சட்டத்தை அந்தக் குழாயோடு கட்டுவார், எல்லாரும் செய்வது அது. கூடவே தன் போர்டில் இருக்கும் நியூட்ரலிலிருந்தும் ஒரு செம்பு ஒயர் இழுத்து அதே குழாயில் முறுக்குவார். எல்லாரும் செய்யாதது இது. "நியூட்ரல் அறுந்தா மண்ணு புடிச்சிக்கும்" என்பார். பதினெட்டு வருஷமாக ஒரு மேடைகூட இருட்டாகவில்லை. அதற்குக் காரணம் இந்த ஒயர்தான் என்று அவர் மனசார நம்பினார்.

தொண்ணூற்றாறு ஜனவரியில் மயிலாப்பூர் சபா ஒன்று, அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தை வாடகைக்கு எடுத்து ஐந்து நாள் நாட்டிய விழா வைத்தது. பதினெட்டு வருஷமாக அந்தச் சபாவுக்கு விளக்கு பாய்தான். ஆனால் அந்த வருஷம் காரியதரிசியாக வந்தவர் பத்ரிநாராயணன், ரிட்டயரான எலெக்ட்ரிகல் என்ஜினியர். பாயை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துக் காபி கொடுத்தார். காபி நன்றாக இருந்ததே பாய்க்குப் பிடிக்கவில்லை.

"பாய், இந்த வருஷம் ஒரு ஈ.எல்.சி.பி. போட்டாகணும். கமிட்டில தீர்மானமே போட்டுட்டோம்" என்றார் பத்ரிநாராயணன். மேஜை மேலிருந்த ஒரு வெள்ளைப் பெட்டியை நகர்த்தினார். சோப்பு டப்பா மாதிரி இருந்தது. "போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கான்னு இது பாத்துண்டே இருக்கும். துளி எங்கேயாவது வழி மாறிப் போச்சுன்னா, இமைக்கறதுக்குள்ள கட் பண்ணிடும். குழந்தைகள் வெறுங்காலோட ஆடற மேடை. பனி ஈரம் வேற."

"அதாவது வாட்ச்மேன்னு சொல்லுங்க."

"வாட்ச்மேன்தான்."

"வாட்ச்மேன யாரு சார் வாட்ச் பண்றது?"

பத்ரிநாராயணன் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கோங்கோ. நிரஞ்சன்னு ஒருத்தன், என் மச்சினர் பிள்ளை. கம்ப்யூட்டர்ல லைட் பண்றான். அவனுக்கே குடுத்துடலாம்னு கமிட்டில நாலு பேர் சொல்றா. நான்தான் பாய் இருக்கட்டும்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் மேடை இருட்டாச்சுன்னா என்னால ஒண்ணும் பேச முடியாது."

பாய் படி இறங்கும்போதே கணக்குப் போட்டுவிட்டார். மச்சினர் பிள்ளை. புதுப் பெட்டி. தானே கட் பண்ணும் பெட்டி. ஒரு நாள் இருட்டானால் போதும். இதைவிடத் தெளிவாக ஒருத்தன் குழி வெட்ட முடியுமா?

அதனால் அந்த வருஷம் சாமான் எடுப்பதில் இரண்டு பங்கு சந்தேகம். ஜெனரேட்டருக்கு ஈக்காட்டுத்தாங்கல் போனார். வாடகைக்கு விடுகிற பஞ்சாட்சரம் பழைய பழக்கம்.

"முப்பத்தாறு ஆயிரம் வாட்டுதானே பாய்? நாப்பது கேவிஏ மெசின் ஒண்ணு சும்மா நிக்கிது, இட்டுக்கினு போ."

"சும்மா ஏன் நிக்கிது?"

"இன்னாது?"

"பொங்கல் நேரம், ஊர் முழுக்க நிகழ்ச்சி. நல்ல மெசின் சும்மா நிக்குமா? எனக்கு அறுபத்திரண்டரை குடு."

பாய் ஆட்டோவில் பன்னிரண்டு விளக்குகளைக் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் பெரிய மெஷினில் மாட்டி, பட்டப்பகலில் அரைமணி நேரம் எரியவிட்டார். ஏறும்போது என்ஜின் திணறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். புகை நிறம் பார்த்தார். ஒவ்வொரு முறுக்காணியையும் ஸ்பானரால் தொட்டார்.

"பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்குறியே பாய். ஒரு பாட்டு பாடச் சொல்லட்டுமா?" என்றார் பஞ்சாட்சரம்.

"பாடிக்கினுதான் கீது. மூணாவது சிலிண்டர்ல சுருதி சேரல. வால்வு டைட் பண்ணி அனுப்பு."

பஞ்சாட்சரம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறந்து பார்த்தார். வால்வு தளர்ந்துதான் இருந்தது. பாய் பீடி பற்ற வைத்தார்.

கேபிளுக்கு மூன்றரை கோர் காட்டினார்கள். அதில் நியூட்ரல் மட்டும் பாதிப் பருமன். விலை குறைச்சல், எல்லாரும் வாங்குவது அதுதான். "மூணு பேர் தூக்கினு போறத அரை ஆள் திருப்பித் தூக்கினு வருவானா?" என்று தள்ளிவிட்டு, நாலும் ஒரே பருமனாக, முழுச் செம்பில் ஐம்பது மீட்டர் எடுத்தார். கடைசியாக ரிச்சி தெருவுக்குப் போய், பத்ரிநாராயணன் கொடுத்தது போலவே ஒரு ஈ.எல்.சி.பி.யை வேறு கம்பெனியில், சீல் உடைக்காததாகப் பார்த்துத் தன் கையால் பொறுக்கினார். யாருக்கும் சொல்லவில்லை. குழி வெட்டுகிறவனுக்கு நமக்குத் தெரியும் என்பது தெரியக் கூடாது.

விழா முதல் நாள். சாயங்காலம் ஆறரைக்கு நிகழ்ச்சி, மதியத்திலிருந்து ஒத்திகை. பத்ரிநாராயணன் கொடுத்த வெள்ளைப் பெட்டியைப் பாய் காலையிலேயே தன் போர்டில் மாட்டியிருந்தார். விளக்கை ஏற்றி இறக்கும் டிம்மர் போர்டில் உட்காருகிறவர் கபாலி. பாய் வயசுதான். இருபது வருஷமாக அதே நாற்காலி, அதே வெற்றிலை. மேடை ஓரத்தில் மைக் செட் சாய்நாத் தன் ஆம்ப்ளிஃபயரை அடுக்கிக்கொண்டிருந்தான். தி.நகர்க்காரன். அவனுக்கும் கரண்ட் பாய் போர்டிலிருந்துதான். இருவருக்கும் பல வருஷப் பிணக்கு.

"பாய், ஒங் டிம்மர் ஏறினா எம் மைக்குல கொசு பாடுது. இந்த வருசமாவது கொசுவத்தி கொளுத்தி வையி."

"ஒம் மைக்கே ஓட்ட, எங் கொசுவ ஏன்டா சொல்ற?"

நாட்டியத்தை நடத்துகிற ஜெயலக்ஷ்மி டீச்சர் கைதட்டினார். அரசவைக் காட்சி. மூன்று நிறமும் ஏறியது, மேடை தகதகத்தது. பதினைந்து நிமிஷம் ஒரு குறையும் இல்லை. அடுத்து வனம், நிலா வெளிச்சம், தலைவி மட்டும் தனியாகத் தேடி வருகிறாள். கபாலி சிவப்பையும் மஞ்சளையும் இறக்கி, நீலத்தை மட்டும் ஏற்றினார்.

டக்.

விளக்கு, மைக், டேப் எல்லாம் நின்றது. ஜெனரேட்டர் மட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பாய் பாய்ந்து போய்ப் பார்த்தார். வெள்ளைப் பெட்டியின் விசை கீழே விழுந்து கிடந்தது. தூக்கி விட்டார், எரிந்தது. டீச்சர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அரசவையில் ஒன்றுமில்லை. வனத்தில் தலைவி நாலடி வைத்தாள். டக்.

நாற்காலி வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பத்ரிநாராயணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். அவர் பேசாமல் நின்றதைப் பாய் குறித்துக்கொண்டார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து நின்ற சாய்நாத். கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"இங்க இன்னா பண்ற?"

"எம் ப்ளக் லூசா கீது, டைட் பண்றேன்."

"இருட்டானப்பலாம் நீ இங்கதான் நிக்கிற."

"மைக் செட்டு இங்க கீது, நானு மெரினாலயா நிப்பேன்?"

பாய் சாய்நாத்தின் ப்ளக்கைப் பிடுங்கினார். "கபாலி, மொத்த வெளக்கையும் ஏத்து!" முப்பத்தாறும் எரிந்தன. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரைமணி. பெட்டி அசையவில்லை. இதற்குமேல் என்ன ருசு வேண்டும்? மைதானத்தில் இருந்த நாற்பது பேரும் கேட்கும்படி பாய் கத்தினார்.

"பாத்துக்குங்க! இவன் ஒயர புடுங்கினேன், வெளக்கு அணையறது நின்னுச்சு. நிரஞ்சங்கிட்ட துட்டு வாங்கிக்கினு என்னைக் கவுக்கப் பாக்குறான் இவன்!"

"யோவ் பாய், வாய அளந்து பேசு. பதினஞ்சு வருசமா மைக் போடுறேன், எவங்கிட்டயாவது கை நீட்டியிருக்கேனா?"

"நீட்டினவன் சொல்லிக்கினா நீட்டுவான்?"

பத்ரிநாராயணன் நடுவில் வந்தார். நிரஞ்சன் பெயர் நாலு பேர் காதில் விழுந்ததில் அவர் முகம் சிறுத்துவிட்டது. "சாய்நாத், நீங்க கிளம்பிடுங்கோ. அஞ்சு நாளுக்கும் வேற ஆளைப் பாத்துக்கறோம். சந்தேகம்னு வந்துட்டா நமக்கு வேண்டாம்."

சாய்நாத் ஒயர்களைச் சுருட்டினான். அந்தப் பேச்சு மறுநாளே எல்லாச் சபாவுக்கும் போய்விடும், சீசனில் ஒருத்தனும் கூப்பிட மாட்டான் என்று அவனுக்குத் தெரியாதா? பாய்க்கும் தெரியும். பெட்டிகளை வாசல் கேட் பக்கம் தூக்கிப் போய், வேனுக்குக் காத்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

மூன்று மணி. பள்ளிக்கூடத்து மைக்கை ஒப்புக்கு வைத்துக்கொண்டு ஒத்திகை தொடர்ந்தது. அரசவை முடிந்தது. வனம் வந்தது. நீலம் ஏறியது.

டக்.

கபாலி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "பாய், சாய்நாத் அங்க ஒக்காந்துக்கினு கீறான். அங்கேர்ந்தே ஊதி அணைக்கிறானா?"

பாய் நீல விளக்குப் பன்னிரண்டையும் இறக்கினார். ஒவ்வொரு ப்ளக்கையும் பிரித்தார், ஒயரைத் தடவினார், பல்பைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சுத்தம். மாட்டினார். டக். அப்படியானால் பெட்டிதான் என்று, தான் ரகசியமாக வாங்கி வைத்திருந்த இன்னொரு பெட்டியை எடுத்து மாட்டினார். தன் கையால் பொறுக்கியது, சீல் உடைத்ததும் தன் கை. அரசவையில் விளக்கு நின்று எரிந்தது. நீலம் மட்டும் ஏறியது.

டக்.

"பாய், மணி அஞ்சேகால்" என்றார் கபாலி காதோரம். "ரெண்டு துண்டு ஒயரு. பொட்டிய தாண்டி நேரா குடுத்துட்டா எவனுக்குத் தெரியும்? ஊர்ல அத்தினி பேரும் அதான் பண்றான்."

பாய் ஒயர்த் துண்டுகளைக் கையில் எடுத்தும் விட்டார். ஆனால் சந்தேகம் விடவில்லை. பத்ரிநாராயணன் இதற்குத்தானே காத்திருக்கிறார்? தாண்டிக் கொடுத்ததும் வந்து மூடியைத் திறந்து, "பாருங்கோ கமிட்டிக்காரா" என்பார். துண்டுகளைப் பையில் போட்டார். அவரைக் காப்பாற்றியது அப்போதும் சந்தேகம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

நின்று யோசித்தார். எல்லாரையும் பார்த்தாயிற்று. எதைப் பார்க்கவில்லை? மேடைக்குப் பின்னால் அடித்த எர்த் குழாய். காலையில் சாய்நாத்தும் அங்கே ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தான்! பாய் ஓடினார். குழாயில் மூன்று ஒயர் இருந்தது. ஒன்று மேடைச் சட்டத்திலிருந்து வந்தது. ஒன்று சாய்நாத் தன் ஆம்ப்ளிஃபயருக்குக் கட்டி, கோபத்தில் அப்படியே விட்டுப் போனது. மூன்றாவது அவருடைய நியூட்ரல் ஒயர்.

"மாட்டிக்கினான்" என்று சாய்நாத்தின் ஒயரைக் கழற்றி எறிந்தார். "கபாலி! நீலம்!"

டக்.

முறுக்காணி துரு ஏறியிருந்தது. மற்ற இரண்டு ஒயரும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சுத்தம் பண்ண நினைத்தார். முதலில் தன் செம்பு ஒயரைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். அதற்குள் கபாலி தன்பாட்டுக்கு விசையைத் தூக்கிவிட்டு நீலத்தை ஏற்றியிருந்தார். மேடை நீலமாகக் குளிர்ந்து கிடந்தது. பாய் காத்திருந்தார், டக் வரும் என்று. வரவில்லை. ஜெயலக்ஷ்மி டீச்சர் ஜதி சொன்னார். தலைவி வனம் முழுக்கத் தேடி முடித்துவிட்டாள். அப்போதும் வரவில்லை.

பாய் கையிலிருந்த ஒயர் முனையைக் குழாயில் தொட வைத்தார். டக். இருட்டு.

எடுத்தார். கபாலியைத் தூக்கச் சொன்னார். எரிந்தது. மறுபடி தொட்டார். டக்.

கபாலி மறுபடி விசையைத் தூக்கினார். மூன்றாம் தரம் பாய் தொடவில்லை. ஒயரைக் கையில் பிடித்தபடி மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

படிக்காதவர்தான், ஆனால் மண்டை வேலை செய்யாத ஆள் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே புரிந்தது. மூன்று நிறமும் எரியும்போது மூன்று ஃபேஸும் தங்களுக்குள்ளேயே சரிக்கட்டிக்கொள்ளும், நியூட்ரலில் திரும்புவது கொஞ்சம். நீலம் மட்டும் எரிந்தால் பன்னிரண்டு விளக்குக் கரண்டும் நியூட்ரல் ஒருவன் தலைமேல். அப்போது அவன் கொஞ்சத்தை இந்தச் செம்பு ஒயர் வழியாக மண்ணில் இறக்கி, ஜெனரேட்டரின் எர்த்துக்குத் தனி வழியில் அனுப்பி விடுகிறான். போனது அத்தனையும் போன வழியே திரும்பவில்லை என்று வாட்ச்மேன் சத்தம் போடுகிறான். ஆக, அந்த வெள்ளைப் பெட்டி மதியத்திலிருந்து உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாய் இன்னும் ஓர் அடி யோசித்தார். நியூட்ரல் அறுந்தால் மண் பிடித்துக்கொள்ளும் என்றுதானே இந்த ஒயர்? அறுந்தால் பன்னிரண்டு விளக்குக் கரண்டும் இந்தக் குழாய்க்கு வரும். இதே குழாயில் மேடை இரும்புச் சட்டமும் கட்டியிருக்கிறது. ஐந்தடிக் குழாய் அவ்வளவையும் மண்ணுக்குள் விழுங்குமா? விழுங்காதது சட்டத்தில் ஏறும். ஏறினால் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிற பிள்ளை... பதினெட்டு வருஷம். பாய் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

யாரும் பார்க்கவில்லை. கபாலி அந்தப் பக்கம். ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டால் முடிந்தது. "ஆணி லூசா இருந்துச்சு, டைட் பண்ணேன்" என்று சொன்னால் பத்ரிநாராயணனே கைகுலுக்குவார். சபா நிற்கும், பேர் நிற்கும். சாய்நாத் வேன் ஏறிப் போய்விடுவான், கைநீட்டினவன் என்ற பேரோடு.

பத்ரிநாராயணன் மேடையைச் சுற்றி வந்தார். "எரியறதே பாய்! என்ன கோளாறு? கண்டுபிடிச்சேளா?"

பாய் எழுந்தார். மண்ணைத் தட்டினார். அந்த மனுஷன் தலை குனிந்து பேசிப் பழகாதவர். அன்றைக்கும் குனியவில்லை.

"கண்டுபுடிச்சிட்டேன். வேற எவனாலயும் ஆவாது சார், நீங்க காலேஜுலேர்ந்து நாலு பேர இட்டாந்திருந்தாலும் ஆவாது. ஏன்னா திருட்டு வழி வெச்சது நானு." செம்பு ஒயரைத் தூக்கிக் காட்டினார். "நியூட்ரல மண்ணுல கட்டினது நான்தான். ஒங்க பொட்டி நல்ல பொட்டி. பஞ்சாட்சரம் மெசின் நல்ல மெசின். சாய்நாத் யோக்கியன். தப்பு இதுல கீது."

பத்ரிநாராயணன் அந்த ஒயரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "எத்தனை நாளா இப்படிக் கட்டறேள்?"

"பதினெட்டு வருசம்."

"நம்ம சபாவுலயுமா?"

"எல்லா வருசமும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "இதை நான் கமிட்டில சொல்லாம இருக்க முடியாது பாய்."

"சொல்லுங்க. ஆனா மொதல்ல அவன் விசயத்த சொல்லுங்க. நாப்பது பேர் முன்னால நான் கத்தினேன், அந்த நாப்பது பேர் முன்னாலயே நீங்க அவன அனுப்பினீங்க. மைக்குலயே சொல்லுங்க."

பத்ரிநாராயணன் மைக்கில் சொன்னார், இரண்டே வரி. பாய்க்கு அது போதவில்லை. தானே போய் மைக்கைப் பிடித்து, "பொய்யா பேசினவன் நானு, ஹபீபுர் ரஹ்மான்" என்று ஒரு வரி சேர்த்தார். ஆடுகிற பிள்ளைகள் ஜடையைப் பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வாசல் கேட்டுக்குப் போனார். சாய்நாத் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே இருந்தான். பாய் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை, அது அவர் வாயில் வராது. கனமான ஆம்ப்ளிஃபயரைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"கீழ வையி பாய். உள்ள நிரஞ்சன் துட்டு கீது, கொட்டிடப் போவுது."

"கொட்டட்டும், ரெண்டு பேரும் பொறுக்கிக்கலாம். வா."

"வரமாட்டேன்னா?"

"வரலன்னா இத நானே மாட்டுவேன். எனக்கு மைக்கு தெரியாது. ராத்திரி முழுக்கக் கொசு பாடும்."

சாய்நாத் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தான், மீதிப் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். பாதி மைதானம் வந்ததும் கேட்டான்.

"பாய், ஒண்ணு கேக்கட்டா? இந்த ஒயரு இங்க மட்டும்தானா? இல்ல, நெரந்தரமா வேற எங்கனா போட்டு வெச்சிருக்கியா?"

பாய் நின்றுவிட்டார். தோளில் இருந்த கனம் அப்போதுதான் உறைத்தது போல இருந்தது. கல்யாண மண்டபங்கள், பள்ளிக்கூட மேடைகள், ஒரு நாடகக் கொட்டகை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் போட்டுக் கொடுத்தது, பெருமையாக. விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து, அடுத்த கையும் முடிந்து, ஒன்று மிஞ்சியது.

அன்று ஆறரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. வனக் காட்சியில் நீலம் நின்று எரிந்தது. கமிட்டி என்ன முடிவு எடுக்கும் என்று யாரும் பாயிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கே ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவருமாக வடபழனிக்குப் பஸ் ஏறினார். முதல் மண்டபம். பொறுப்பு பார்க்கிற சரோஜாதேவி அம்மாள் கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

"நாங்க யாரையும் கூப்பிடலியே."

"எர்த்துல ஒரு ஒயர் கழட்டணும்மா. துட்டு வேணாம்."

"துட்டு வேணாமா? அப்ப வேற எதுக்கு வந்தே? பத்து வருசமா நல்லா எரியிது, திடீர்னு காலங்காத்தால வந்து ஒயர கழட்டுறேங்கிற. யார் அனுப்புனது ஒன்னை?"

பாய்க்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. இப்படித்தான் கேட்க வேண்டும். வாசலிலேயே நின்று, ஒயர் என்ன செய்யும், ஈரத்தில் இரும்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னார். அம்மாளின் முகம் வெளுத்தது.

"கல்யாணப் பொண்ணு நிக்கிற எடம்யா அது! எந்தப் பாவி கட்டினான் இத? பேரச் சொல்லு, போலீஸ்ல குடுக்குறேன்."

"குடும்மா. எழுதிக்க, ஹபீபுர் ரஹ்மான், மயிலாப்பூர்" என்றார் பாய். "கதவத் தொற. இன்னும் பத்து எடம் கீது."